இரண்டாவது ஜெர்சி யாருக்குக் கிடைக்கும்? ரக்பி கேள்வி – பதில்

தேசிய அணி மாறும் ரக்பி வீரர்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

2023 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடிய சார்ல்ஸ் பியூட்டாவ், மலகாய் ஃபெக்கிடோவா இருவரும் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸின் பழைய வீரர்கள்தானே? ஒரே ஆள் இரண்டு நாட்டுக்கு ஆடலாமா? (சென்னை)

அதே ஆட்கள்தான். நியூசிலாந்துக்காகப் பியூட்டாவ் 17 டெஸ்ட்டும் ஃபெக்கிடோவா 24 டெஸ்ட்டும் ஆடியிருக்கிறார்கள் (ரக்பியில் டெஸ்ட் என்றால் சர்வதேச ஆட்டம்). ஃபெக்கிடோவா பிறந்ததே டோங்காவில். பியூட்டாவ் ஆக்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் டோங்காக்காரர்கள். இருவருக்கும் வழி திறந்தது இந்தப் பிறப்புத் தொடர்பால்தான்.

கொஞ்சம் பின்னால் போகலாம். 1990களில் அணி மாறுவது சாதாரணம். ஃபிராங்க் பன்ஸ் 1991 உலகக் கோப்பையில் மேற்கு சமோவாவுக்கு ஆடினார், அடுத்த வருஷமே ஆல் பிளாக்ஸ் சட்டை போட்டார். 2000 ஜனவரி 1 முதல் அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஒரு நாட்டின் மூத்த அணிக்கு, அதாவது முதன்மைத் தேசிய அணிக்கு, ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த நாடுதான். ரக்பிக்காரர்கள் இதைக் ‘கேப்சர்’ ஆகிவிட்டான் என்பார்கள்.

இந்த விதி அதிகம் அடித்தது பசிபிக் தீவுகளை. டோங்காவின் மொத்த ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். அங்கிருந்து போன குடும்பத்துப் பையன் ஆக்லாந்திலோ சிட்னியிலோ வளர்ந்து, 21 வயதில் இரண்டு டெஸ்ட் ஆடி, பிறகு கழற்றிவிடப்பட்டால் கதை முடிந்தது. நல்ல உடல்நிலையோடு பத்து வருஷம் கிளப் ஆட்டம் ஆடுவான், எந்த நாட்டுக்கும் ஆட முடியாது.

2021 நவம்பர் 24 அன்று, உலக ரக்பியை நடத்தும் அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் கவுன்சில், யார் எந்த நாட்டுக்கு ஆடலாம் என்று சொல்லும் எட்டாம் விதியைத் திருத்தியது. 2022 ஜனவரி 1 முதல் அமல். நிபந்தனை மூன்று. மாற விரும்பும் நாட்டில் வீரரோ, பெற்றோரில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ பிறந்திருக்க வேண்டும். கடைசி சர்வதேச ஆட்டத்திலிருந்து 36 மாதம் ஒதுங்கியிருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறைதான் மாறலாம், அதற்கும் வேர்ல்ட் ரக்பியின் விதிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும்.

அந்த 36 மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? விதி வந்த நாளிலிருந்தா? (கோயம்புத்தூர்)

இல்லை. பழைய நாட்டுக்கு ஆடிய கடைசி ஆட்டத்திலிருந்து. விதி வருவதற்கு முன் கழிந்த மாதங்களும் கணக்கில் சேரும். இஸ்ரேல் ஃபொலாவ் ஆஸ்திரேலியாவுக்கு 73 டெஸ்ட் ஆடியவர், கடைசி டெஸ்ட் 2018 நவம்பரில். விதி அமலான அன்றே அவருக்கு மூன்று வருஷம் தாண்டியிருந்தது. 2022 ஜூலையில் டோங்காவுக்காக ஃபிஜிக்கு எதிராக இறங்கினார்.

கணக்கு எவ்வளவு நெருக்கமாக வரும் என்பதற்கு ஜாக் டெம்ப்சி நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவுக்கு 14 டெஸ்ட். கடைசியாக ஆடியது 2019 அக்டோபரில், ஜப்பான் உலகக் கோப்பையில். தாத்தா பாட்டி வழியில் ஸ்காட்லாந்து தொடர்பு உண்டு. 2022 அக்டோபரில் 36 மாதம் முடிந்தது. அதே அக்டோபர் 29 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து சட்டையில் களம் இறங்கினார். எதிரணி எது தெரியுமா? ஆஸ்திரேலியா! ஸ்காட்லாந்து 15–16 என்று ஒரு புள்ளியில் தோற்றது.

இரண்டு விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். ஒதுங்கியிருப்பது சர்வதேச ஆட்டத்திலிருந்து மட்டும். கிளப்புக்குத் தாராளமாக ஆடலாம். டெம்ப்சி அந்த இடைவெளியில் ஸ்காட்லாந்து கிளப்பான கிளாஸ்கோ வாரியர்ஸில் சேர்ந்துவிட்டார், ஆனால் கிளாஸ்கோவில் குடியிருந்தது அவருடைய தகுதிக்கு ஒரு துளியும் உதவவில்லை, வேலை செய்தது பூர்வீகம்தான். இரண்டாவது, நடுவில் பழைய நாட்டின் செவன்ஸ் அணிக்கு ஒரு போட்டித்தொடர் ஆடிக் கொடுத்தால், ‘அது ஏழு பேர் ஆட்டம்தானே’ என்று விட்டுவிட மாட்டார்கள். அந்தத் தேதியிலிருந்து எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

ஐந்து வருஷம் ஒரு நாட்டில் குடியிருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்கிறார்களே? ஜப்பானில் பல வருஷம் ஆடும் முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர்கள் ஏன் ஜப்பானுக்கு ஆடுவதில்லை? (திருச்சி)

ஐந்து வருஷக் கதவு முதல் ஜெர்சிக்கு மட்டும். இரண்டாவது ஜெர்சிக்கு அது கிடையாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எந்த நாட்டுக்கும் மூத்த அணியில் ஆடாத ஒருவர் மூன்று வகையில் தகுதி பெறலாம்: அங்கே பிறந்தவர், பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்தவர், அங்கேயே இடைவெளியில்லாமல் 60 மாதம் இருந்து ஆடியவர். விட்டுவிட்டு மொத்தம் பத்து வருஷம் வசித்தவருக்கும் வழி உண்டு. முன்பு 60 மாதம் என்பது 36 மாதமாக இருந்தது. அயர்லாந்துக்கு ஆடிய சி.ஜே. ஸ்டாண்டர், பண்டி ஆக்கி எல்லாம் அந்தக் காலத்து வரவு. ‘திறமையுள்ள பையனை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, நான்காம் வருஷம் தேசிய கீதம் பாட வைக்கிறார்கள்’ என்று கண்டனம் கிளம்ப, வேர்ல்ட் ரக்பியின் அப்போதைய துணைத்தலைவர் அகுஸ்தின் பிச்சோட் முன்னின்று தள்ள, 2017 மே மாதம் கியோட்டோ கூட்டத்தில் ஐந்து வருஷமாக உயர்த்தினார்கள். கோவிட் குறுக்கிட்டதால் அமலானது 2022 தொடக்கத்தில்.

ஆகவே ஒரு முன்னாள் ஆல் பிளாக்ஸ் வீரர் டோக்கியோவில் பதினைந்து வருஷம் இருந்தாலும், ஜப்பான் குடியுரிமையே வாங்கினாலும், பெற்றோரோ தாத்தா பாட்டியோ ஜப்பானில் பிறக்கவில்லை என்றால் கதவு திறக்காது. மைக்கேல் லீச் 15 வயதில் சப்போரோவுக்குப் படிக்க வந்தவர், வேறு நாட்டு மூத்த அணிக்கு ஆடியதில்லை. அதனால் அவருக்கு அது முதல் ஜெர்சி. இரண்டும் வேறு கணக்கு.

நான் கண்டியில் பிறந்தவள். மகன் மெல்பர்னில் பிறந்து வளர்ந்தவன், வயது 19. அவனுக்கு இலங்கை பாஸ்போர்ட் இல்லை. இலங்கைக்கு ரகர் ஆட முடியுமா? பிற்காலத்தில் ஆஸ்திரேலியா கூப்பிட்டால் போகலாமா? (மெல்பர்ன்)

ரக்பியை இலங்கைப் பாணியில் ரகர் என்று எழுதியதிலேயே கண்டி மணக்கிறது!

வேர்ல்ட் ரக்பி விதிப்படி முடியும், அம்மா. அதற்கு உங்கள் பிறப்பிடம் ஒன்றே போதும். எட்டாம் விதி பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. அவன் ஆஸ்திரேலியப் பள்ளி அணிக்கோ 20 வயதுக்குட்பட்டோர் அணிக்கோ ஆடியிருந்தாலும் பாதகமில்லை. முன்பு ஒரு நாடு தன் 20 வயதுக்குட்பட்டோர் அணியையே ‘மூத்த அணிக்கு அடுத்த அணி’ என்று அறிவிக்கலாம், அதில் ஆடினாலும் அந்த நாட்டுக்கே கட்டுப்பட வேண்டியதுதான். ஸ்டீவன் ஷிங்லர் அப்படித்தான் மாட்டினார். 2011இல் வேல்ஸ் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்காகப் பிரான்சுக்கு எதிராக ஆடினார். இரண்டு நாடுகளும் அந்த அணிகளையே அடுத்த அணியாகப் பதிந்து வைத்திருந்தன. 2012 ஜனவரியில் ஸ்காட்லாந்து அவரைத் தேர்ந்தெடுத்தபோது, ‘நீ வேல்ஸ் ஆள்’ என்று தீர்ப்பு வந்தது. 2018 ஜனவரி 1 முதல் 20 வயதுக்குட்பட்டோர் அணியை அப்படிப் பதிய முடியாது. ஆனால் ‘ஏ’ அணி (நாட்டின் இரண்டாம் அணி) என்று அழைப்பு வந்தால் மட்டும், அது அடுத்த அணியாகப் பதியப்பட்டதா, எதிரணியும் அப்படிப்பட்டதா என்று அந்த நாட்டு ரக்பி சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செவன்ஸில் வயது முக்கியம். 20 வயது நிறைந்த பிறகு ஒரு நாட்டின் மூத்த செவன்ஸ் அணிக்கு ஆடினால் கட்டுப்படுவான். ஒலிம்பிக், செவன்ஸ் உலகக் கோப்பை இரண்டிலும் மட்டும் சட்டப்படி மேஜரானாலே போதும். உங்கள் மகனுக்கு 19. எங்காவது அவசரப்பட்டு ஒரு பயணத்துக்கு ஒப்புக்கொள்ளும் வயது இது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். இலங்கை மூத்த அணிக்கு ஆடிய மறுநாள் ஆஸ்திரேலியா கூப்பிட்டால் போக முடியாது. 36 மாதம் காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்தவன் என்பதால் அதன்பிறகு மாறலாம். மாறினால் திரும்பி வர வழி இல்லை.

இனி காகிதங்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பெயர், பிறந்த இடம் எல்லாம் உள்ள முழு நகலாக இருக்க வேண்டும். அடுத்து உங்கள் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் விவாகச் சான்றிதழ், அதுதான் இரண்டு பெயரையும் இணைக்கும் பாலம். உங்கள் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அதில் ஊர் ‘மகநுவர’ என்றிருக்கும். மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே எழுதிவிடுவார், மகனின் சான்றிதழிலோ கண்டி என்று இருக்கும். இரண்டும் ஒரே ஊர் என்று லண்டனிலோ டப்ளினிலோ மேசையில் காகிதம் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சத்தியப்பிரமாணம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் ‘மகநுவர, அதாவது கண்டி’ என்று ஒரு குறிப்புப் போடச் சொல்லுங்கள்.

டொராண்டோவில் இருக்கிறோம். என் பையனுக்குத் தாத்தா வழியில் தகுதி உண்டு. ஆனால் மூன்று தலைமுறைக்கும் மூன்று குடும்பப் பெயர். எப்படி நிரூபிப்பது? (டொராண்டோ)

நம் பெயர் வைக்கும் முறையில் வரும் சிக்கல் இது. அப்பா பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயர், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். ‘தாத்தாவும் பேரனும் ஒரே குடும்பம்தான்’ என்பதைப் பெயர் காட்டாது. சான்றிதழ்கள்தான் சங்கிலி கோக்க வேண்டும்: பேரன் சான்றிதழில் அப்பா பெயர், அப்பா சான்றிதழில் தாத்தா பெயர், தாத்தா சான்றிதழில் பிறந்த ஊர். மூன்று கண்ணியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் சிவகுமாரன், இன்னொன்றில் சிவக்குமார் என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி இணையுங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தந்தைவழிப் பாட்டனாரின் பெயர், பிறந்த வருஷம், பிறந்த இடத்துக்கென்றே கட்டம் உண்டு. அது நல்ல துணைச் சான்று. தாத்தாவின் சொந்தச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது.

கொள்ளுத்தாத்தா கணக்கில் வராது. மாமனார் வீடு வராது. வளர்ப்புத் தந்தை, சட்டப்படி தத்தெடுத்திருந்தால் மட்டும் வருவார்.

‘எங்க தாத்தா அங்கே பிறந்தவர்னு பாட்டி சொல்லுவாங்க’ என்பதை நம்பி இறங்கியவர்கள் கதை 2000இல் பெரிய அவமானமாய் முடிந்தது. பத்திரிகைகள் அதற்கு ‘கிரானிகேட்’ (பாட்டி விவகாரம்) என்று பெயரே வைத்தன. ஸ்காட்லாந்துக்கு 41 ஆட்டம் ஆடிய டேவ் ஹில்டனின் தாத்தா எடின்பரோவில் பிறந்தவர் என்று நம்பியிருந்தார்கள். பதிவேட்டைப் புரட்டினால் பிரிஸ்டல் என்றிருந்தது, பிரிஸ்டல் இங்கிலாந்தில்! வேல்ஸ் அணியின் ஷேன் ஹோவர்த், பிரெட் சின்கின்சன் இருவரும் அதே வருஷம் அதே வகையில் சிக்கினார்கள். ஹோவர்த் அதற்கு முன்பு 1994இல் ஆல் பிளாக்ஸுக்கும் ஆடியவர். ஒருவரும் அந்த ஒரு காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

தகுதியில்லாத ஒரு ஆளை ஆடவிட்டால் என்ன ஆகும்? அபராதமா? (மதுரை)

அபராதம் போனால் பரவாயில்லை. உலகக் கோப்பையே போகும். ஸ்பெயினைக் கேளுங்கள், இரண்டு முறை போனது.

முதல் முறை 2019 உலகக் கோப்பைக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்று. 2018 மார்ச் 18, பிரஸ்ஸல்ஸ். பெல்ஜியத்தை வென்றால் ஸ்பெயின் நேராக ஜப்பான் போகலாம். 10–18 என்று தோற்றது. நடுவர் ருமேனியாக்காரர், ஸ்பெயின் தோற்றால் லாபம் ருமேனியாவுக்கு. கலவரமே ஆகிவிட்டது. அந்தச் சண்டையில் எல்லோருடைய கோப்பும் மேசைக்கு வந்தது. ருமேனியா ஆடவிட்ட ஒருவர் முன்பே டோங்கா செவன்ஸ் அணிக்கு ஆடியவர். ஸ்பெயினின் இருவர் பிரான்ஸ் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடியவர்கள், அது அப்போது பிரான்சின் ‘அடுத்த அணி’. பெல்ஜியத்திலும் இதே கோளாறு. தகுதியில்லாதவர் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 5 புள்ளி வீதம் வெட்டினார்கள்: ருமேனியாவுக்கு 30, பெல்ஜியத்துக்கு 30, ஸ்பெயினுக்கு 40. கீழே இருந்த ரஷ்யா மேலே வந்து, 2019 உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் ஜப்பானோடு மோதியது. நடுவரைத் திட்டிக்கொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சொந்த வீட்டுக் கோப்புதான் எமனாக வந்தது.

இரண்டாவது முறை இன்னும் வயிற்றெரிச்சல். 2022இல், 2023 உலகக் கோப்பைக்குத் தகுதியும் பெற்றுக் கொண்டாடியும் முடித்தார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஒரு ப்ராப் (முன்வரிசை ஆட்டக்காரர்) மீது புகார் வந்தது. அவருக்கான கதவு வசிப்பிடம், அப்போது 36 மாதம். நாட்டில் தொடர்ந்து இருந்தாரா என்பதற்குக் கொடுத்த பாஸ்போர்ட் நகல் திருத்தப்பட்டிருந்தது. அவர் ஆடியவற்றில் நெதர்லாந்துக்கு எதிரான இரண்டு ஆட்டங்கள் கணக்கில் வந்தன. இரண்டு பெருக்கல் ஐந்து, பத்துப் புள்ளி போச்சு. 2022 ஏப்ரலில் தீர்ப்பு, ஜூனில் மேல்முறையீடும் தள்ளுபடி. ஸ்பெயின் இடத்துக்கு ருமேனியா போனது. ருமேனியாவுக்குப் பின்னால் இருந்த போர்ச்சுகலுக்குக் கடைசித் தகுதிச்சுற்று வாய்ப்பு கிடைத்தது. துபாயில் அமெரிக்காவோடு 16–16 சமன் செய்து உள்ளே நுழைந்து, உலகக் கோப்பையில் ஃபிஜியை 24–23 என்று வீழ்த்தியது.

இதில் வேலைக்கு உதவும் பாடம் ஒன்று: நகலை நம்பாதீர்கள். மூலப் பாஸ்போர்ட்டை வாங்கி, முத்திரை முத்திரையாகப் புரட்டி, போன தேதி வந்த தேதியை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அரைமணி நேர வேலை.

என் தம்பி மகன் இங்கிலாந்தில் பிறந்து ரக்பி ஆடுகிறான். தாத்தா தஞ்சாவூர். இந்தியாவுக்கு ஆடலாமா? (தஞ்சாவூர்)

வேர்ல்ட் ரக்பி விதிப்படி ஆடலாம். இந்திய அரசு விதிப்படி முடியாது. 2008இல் விளையாட்டு அமைச்சகம் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்தான் நாட்டுக்கு ஆடலாம் என்று உத்தரவு போட்டது, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை போதாது. இரட்டைக் குடியுரிமையும் இங்கே இல்லை. ஆக அவன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட்டால்தான் ஆச்சு. ரக்பிக்காக அதை விடச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒலிம்பிக் செவன்ஸ் எந்த நாட்டுக்கானாலும் இதே கதைதான், அங்கே குடியுரிமை கட்டாயம்.

கிரிக்கெட்டில் எட் ஜாய்ஸ் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்து போய், மறுபடி அயர்லாந்துக்கே வந்தார். ரக்பியில்? (ஈரோடு)

போகலாம். வர முடியாது.

அணி மாற வீரரே மனுப் போட வேண்டுமா? எவ்வளவு முன்னதாக? (பெங்களூரு)

மனுவை அனுப்புவது புதிய நாட்டின் சங்கம், வீரர் நேரடியாக அல்ல. வீரர் முதலில் செய்ய வேண்டியது, கடைசி சர்வதேச ஆட்டத்தின் அணிப் பட்டியலை எடுத்து வைப்பது. பதினைந்து பேர் ஆட்டம், செவன்ஸ், அடுத்த அணி மூன்றிலும் தேடி, எது கடைசித் தேதியோ அதை எழுதுங்கள். அதோடு 36 மாதம் கூட்டுங்கள். அந்தத் தேதிக்குச் சில மாதம் முன்பே பிறப்புச் சான்றிதழ் சங்கிலியைச் சங்கத்திடம் கொடுத்துவிட்டால், பதிவாளர் அலுவலகம் இழுத்தடித்தாலும் சமாளிக்கலாம். விதிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் கைக்கு வரும்வரை பயிற்சிக்குப் போகலாம், ஆட்டத்துக்கு இறங்கக்கூடாது. பயிற்சியாளர் ‘வந்துடும்பா, இறங்கு’ என்பார். ஸ்பெயினின் பத்துப் புள்ளியை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

இந்த மாற்றத்தால் தீவு நாடுகள் உண்மையில் மேலே வந்தனவா? (புதுச்சேரி)

ஆட்கள் வந்தார்கள், வெற்றி அவ்வளவு வரவில்லை. 2023 உலகக் கோப்பையில் டோங்கா ஒரே ஆட்டம் வென்றது, ருமேனியாவை 45–24. சமோவாவும் ஒன்றுதான், சிலியை 43–10. ஆனால் சமோவாவின் கடைசி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். முன்னாள் ஆல் பிளாக்ஸ் லீமா சோப்போவாங்கா ஆட்டத்தை நடத்த, இங்கிலாந்து 18–17 என்று ஒரே புள்ளியில் தப்பியது. விதியால் ஆளைத்தான் கொடுக்க முடியும். சேர்ந்து பயிற்சி எடுக்க வாரங்கள் வேண்டும், ஐரோப்பிய கிளப்புகள் அவர்களை விட வேண்டும், விமானச் செலவுக்குச் சங்கத்தில் காசு வேண்டும். இந்த மூன்றையும் எட்டாம் விதி தொடவில்லை.